கேட்காமல் கொடுத்த ஒன்றாம் நம்பர்

எண்பதுகளில் மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் இடைநிலைப்பள்ளியில் படித்தவர்கள் யாரிடமாவது உமாபதி சார் பெயரைச் சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். அப்புறம், "அந்தக் கோச்சா? வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட கேட்டுட்டுப் போவாரே!" என்பார்கள். ஆமாம், அவரேதான். பள்ளிக் காற்பந்துக் குழுவுக்கு ஆள் எடுப்பதற்கு முன்னால், பெண் கேட்கப் போகிறவர் மாதிரி தலையைப் படிய வாரி, ஹோண்டா கப் மோட்டார் சைக்கிளில் ஏறித் தோட்டம் தோட்டமாகப் போவார். தொழிலாளர் லயத்து வாசலில் செருப்பைக் கழற்றுவார். கொடுத்த காப்பியை மறுக்காமல் குடிப்பார். "சனிக்கிழம ஆட்டம்மா. பையன் வரலாமா? வீட்டுல, கோயில்ல ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்பார். பதில் வரும்வரை எழுந்திருக்க மாட்டார்.

மற்றப் பள்ளிக் கோச்சுகள் அவரை விட்டுவைப்பார்களா? "என்னா உமா, டீம் எடுக்கிறியா, கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிறியா?" என்று வாரினார்கள். அவர் பல்லைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். ஏன் இப்படி வீடு வீடாக அலைகிறார் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால்தானே தெரியும்!

இந்த வழக்கம் வருவதற்கு முந்தைய உமாபதி சார் வேறு ஆள். யாரையும் ஒரு வார்த்தை கேட்காதவர். எல்லாம் தமக்குத் தெரியும் என்று இருந்தவர். அதில் ஒரு நியாயமும் இருந்தது, சொல்லிவிட வேண்டும். புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்தில், ரப்பர்ப் பால்மரம் வெட்டிய தாய் தகப்பனுக்குப் பிறந்து, அந்த லயத்திலிருந்து ஆசிரியர் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர். படிப்பு முடிந்து திரும்பி வந்து பூகோளம் சொல்லிக் கொடுத்தார். காற்பந்து அவர் தலையில் விழுந்ததற்குக் காரணம், மூன்று மணி வெயிலில் திடலில் நிற்க வேறு எந்த ஆசிரியரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான். விழுந்தது ஒட்டிக்கொண்டது. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே பூகோளப் பாடம் நடத்துவார். ஆறும் மலையும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாக மழை வருமா என்று ஒரு கண் வானத்தில் இருக்கும்.

அந்தத் திடல் இருக்கிறதே, அதற்கு ஒரு பக்கம் பள்ளிக்கூடம், மறுபக்கம் தண்ணீர்க் கால்வாய். ஓங்கி அடித்த பந்து கால்வாயில்தான் விழும். எண்ணெய் எடுக்கும் செம்பனையின் மட்டையால் அதைத் தள்ளித் தள்ளிக் கரைக்குக் கொண்டுவருவதே ஒரு தனி விளையாட்டு. பாதிப் பேருக்கு பூட்ஸ் கிடையாது. வலது காலால் உதைப்பவன் வலதை மாட்டிக்கொள்வான், இடக்கால்காரன் இடதை வாங்கிக்கொள்வான், ஒரு ஜோடி இரண்டு பேருக்கு ஓடிவிடும். ஆட்டம் முடிந்ததும் வாளியில் ஐஸ் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். அதைக் குடித்துவிட்டு அந்தப் பையன்கள் புல்லில் மல்லாந்து கிடந்த சுகம், பிற்பாடு ஏசி போட்ட அலுவலகத்தில் உட்கார்ந்தவர்களுக்குக்கூடத் திரும்பக் கிடைக்கவில்லை. கிடைக்கவே இல்லையென்று அவர்களே சொல்கிறார்கள்.

சாரின் இன்னொரு வழக்கம் ஜெர்சி. குழுவில் யார் யார் என்று அறிவிப்புப் பலகையில் அவர் ஒட்டியதே இல்லை. ஆட்டத்துக்கு முந்தின நாள், பெரிய உலகப் படம் மாட்டிய பூகோள அறைக்கு எல்லாரையும் வரச் சொல்வார். மேசைமேல் ஜெர்சிகள் அடுக்கி இருக்கும். அவர் மனைவி திலகம் வீட்டில் துவைத்து, சோற்றுக் கஞ்சி போட்டு, நம்பர் மேலே தெரியும்படி மடித்துத் தேய்த்துக் கொடுத்தவை. பெயரைச் சொல்லி இரண்டு கையாலும் கொடுப்பார். வாங்கியவன் ஆடுவான், அவ்வளவுதான். ஒருதடவை கொடுத்த ஜெர்சியைத் திரும்ப வாங்குவதில்லை என்பது அவர் சட்டம். ஆரம்ப வருடங்களில் ஒரு பையனிடம் அப்படித் திரும்ப வாங்கி, அவன் அதற்குப் பிறகு திடல் பக்கமே தலைகாட்டாமல் போனதில் பிறந்த சட்டம் அது.

தம் கோல்கீப்பர் சேதுவை அவர் கண்டுபிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எட்டாங்கட்டைத் தோட்டத்தில் இரண்டு எண்ணெய்த் தகரத்தைக் கோலாக வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். சார் எப்போதும் கோலுக்குப் பின்னால் நின்றுதான் ஆட்டம் பார்ப்பார். ஒல்லியாக, கை மட்டும் நீளமாக ஒரு பையன் பந்தைப் பிடிக்கிறான். சத்தமே இல்லை. மற்றவன் பிடித்தால் பட்டென்று கேட்கும். இவன் கைக்குப் போன பந்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போட்டது மாதிரி அடங்கிப் போகிறது. சார் அங்கேயே வாயைப் பிளந்து நின்றுவிட்டார்.

எண்பத்து நான்காம் வருடம் சேது ஐந்தாம் படிவத்தில் இருந்தான். அதுதான் அவனுக்குக் கடைசி வருடம். அந்த வருடம் பள்ளி மாவட்ட இறுதியாட்டத்துக்கு வந்தது. சிலாங்கூர் பள்ளிகள் அணிக்கு ஆள் எடுப்பவர் ஆட்டம் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. அந்தக் காலத்தில் மாநில அணிச் சட்டையைப் போட்டவனைப் போலீசும் வங்கியும் கூப்பிட்டு வேலை கொடுக்கும், அவர்கள் குழுவில் ஆடுவதற்காகவே. அது கிடைக்காத தோட்டத்துப் பையனுக்குச் செம்பனைக் குலை வெட்டும் வேலை தயாராகக் காத்திருக்கும். சேதுவுக்கு இந்த ஒரு ஆட்டம்தான் வாசல். இது சாருக்கும் தெரியும், சேதுவுக்கும் தெரியும், அவன் அம்மா இராஜம்மாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆட்டம் சனிக்கிழமை. அந்த வாரம் புதன்கிழமை எட்டாங்கட்டை வழியாக வந்த சாருக்கு, செம்பனைகளுக்கு மேலே கோயில் ஒலிபெருக்கி கேட்டது. வேப்பிலை கட்டிக் கொடி ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தீமிதி! அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

ஏனென்றால் சேது வீட்டுக் கதை அவருக்குத் தெரியும். சேது சின்ன வயதில் காய்ச்சலில் பிழைக்கமாட்டான் என்று ஆனபோது, "என் புள்ள பொழச்சா மூணு வருசம் தீ மிதிப்பான் தாயே" என்று இராஜம்மா நேர்ந்துகொண்டாள். வளர்ந்தபின் இரண்டு வருடம் மிதித்துவிட்டான். இது மூன்றாவது. வெள்ளிக்கிழமை கோயிலில் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால், தீ மிதித்து அதைக் கழற்றும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. ஆட்டமோ கோலசிலாங்கூர் டவுனில்.

போய்க் கேட்டிருக்கலாம். ஹோண்டா கப் தோட்டத்துச் செம்மண் பாதை முனையில் நின்றதும் உண்மை. அட மனுசா, உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டால் என்ன! ஆனால் அவருக்குள் ஒரு பழைய சங்கதி இருந்தது. அவரும் ஒரு காலத்தில் காப்புக் கட்டிய பையன்தான். பக்கத்துத் தோட்டத்தில் கோப்பை ஆட்டம் என்று யாருக்கும் தெரியாமல் எல்லை தாண்டிப் போய் ஆடி, ஜெயித்தும் வந்தார். மறுநாள் தீ மிதித்ததில் அவர் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூட மிதித்த அண்ணன் கால் வெந்து, மாதக்கணக்கில் வேலைக்குப் போகவில்லை. யாரும் திட்டவில்லை. அம்மா அவரை ஒருதடவை பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வை இன்னும் அவர் முதுகில் இருந்தது.

'சாமியா பந்தான்னு அந்தப் பையன் முன்னால நான் போய் நிக்க மாட்டேன். கேட்டாத்தானே அவனுக்குக் கஷ்டம்? கேக்காமலே விட்டுடுவோம்' என்று நினைத்துக்கொண்டார். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? நல்ல மனசோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சேது பள்ளிக்கு வரவில்லை. எட்டாங்கட்டையிலிருந்து குழுவில் இருந்தது அவன் ஒருவன்தான், விவரம் சொல்லவும் ஆளில்லை. சாருக்கு முடிவாகிவிட்டது. பூகோள அறையில் ஒன்றாம் நம்பர் ஜெர்சியை எடுத்தார். "தேவதாஸ்" என்றார்.

இரண்டு வருடமாக மாற்று கோல்கீப்பராக இருந்து, இடைவேளையில் ஆரஞ்சுப் பழம் வெட்டிக் கொடுத்ததைத் தவிர வேறு எதுவும் செய்யாத பையன் தேவதாஸ். வேறொரு தோட்டத்து லோரி ஓட்டுநரின் மகன். பெயர் கேட்டதும் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு தேவதாஸ் யாராவது இருக்கிறானா என்று.

"சார், சேது?"

"அவனுக்குக் காப்பு. வரமாட்டான்."

"கேட்டீங்களா சார்?"

"டேய், நான் தோட்டத்துல பொறந்தவன்டா. எனக்குத் தெரியாதா?"

தேவதாஸ் இரண்டு கையாலும் ஜெர்சியை வாங்கி மோந்து பார்த்தான். கஞ்சி வாசனை. வீட்டுக்குப் போகும்வரை அதை மடிப்புக் கலையாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனான் என்று பிறகு சொன்னார்கள்.

சனிக்கிழமை கோலசிலாங்கூர் டவுன் திடலே திருவிழாதான். இலவசமாக மைலோ பானம் ஊற்றும் லோரி முன்னால் நீள வரிசை. கச்சான் கடலை விற்பவர், ஐஸ் விற்பவர், மரத்தடியில் பள்ளிப் பெண்கள். தேவதாஸின் அப்பா லோரியையே கொண்டுவந்து கோட்டோரம் நிறுத்தி, அதன்மேல் குடும்பத்தையே ஏற்றி வைத்திருந்தார். "அதோ! ஒண்ணாம் நம்பரு நம்ம பையன்!" என்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். தஞ்சோங் காராங் பக்கத்துப் பள்ளிதான் எதிரணி. பந்தல் நிழலில் சிலாங்கூர் ஆள், கறுப்புக் கண்ணாடியும் வயிறுமாக உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் தொடங்கக் கொஞ்சநேரம் இருக்கும்போது, பஸ்ஸிலிருந்து குதித்து ஒருத்தன் திடலைக் குறுக்கே வெட்டி ஓடி வந்தான். கையில் பூட்ஸ். சேது!

சாருக்கு முதலில் கண் போனது அவன் மணிக்கட்டுக்கு. வெறும் கை.

"டேய்... காப்பு?"

"அம்மா கட்டிக்கிட்டாங்க சார்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "எனக்குப் பதிலா அவங்களே தீயில எறங்குறேன்னு பூசாரிகிட்ட பேசி, பூ போட்டுப் பாத்து, உத்தரவு கெடச்சிருச்சு சார். நேத்து அந்த வேலையிலதான் பள்ளிக்கு வரல. லேட்டாயிருச்சா சார்? ஜெர்சி குடுங்க."

கையை நீட்டிக்கொண்டு நின்றான். அப்போதுதான் கோலுக்கு முன்னால் பந்து பிடித்துப் பழகிக்கொண்டிருந்த தேவதாஸைப் பார்த்தான். முதுகில் ஒன்று. நீட்டிய கை தானாகவே கீழே இறங்கியது.

உமாபதி சார் சுற்றிலும் பார்த்தார். பந்தலில் சிலாங்கூர் ஆள். லோரிமேல் தேவதாஸின் குடும்பம். எதிரே இந்தப் பையன். ஒரு விசில் ஊதித் தேவதாஸைக் கூப்பிட்டால் வேலை முடிந்தது. ஊதவில்லை. கொடுத்ததை அத்தனை பேர் முன்னால், அதுவும் பெற்றவன் பார்க்க, உரிப்பதா? அவரால் முடியவில்லை. பைக்குள் கையை விட்டார். பதினான்காம் நம்பர் இருந்தது.

"இத போட்டுக்க. பாப்போம்."

சேது அதை வாங்கிப் போட்டுக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தான். ஏதாவது கேட்டுத் தொலைத்திருந்தால்கூட சாருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆட்டம் சூடாகப் போனது. நம் பையன்கள் முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டார்கள். தேவதாஸ் நன்றாகத்தான் நின்றான், பொய் சொல்லக் கூடாது. பிடித்த பந்தெல்லாம் பட் பட்டென்று கேட்டது, லோரிமேல் கைதட்டல் பறந்தது. சார் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பதினான்கைப் பார்க்காமல் இருப்பதற்குப் பெரும்பாடு பட்டார்.

முடியக் கொஞ்சநேரம் இருக்கும்போது பின்னணி ஆட்டக்காரன் ஒருவனுக்குக் கால் இழுத்துக்கொண்டது. பெஞ்சில் அந்த இடத்துக்கே பழகிய பையன் உட்கார்ந்திருந்தான். எழுந்து காலைக்கூட உதறிக்கொண்டான். சார் அவனைப் பார்த்தார். பிறகு, "சேது, எறங்கு" என்றார்.

கோச் செய்கிற காரியமா அது? இல்லைதான். அது கோச் எடுத்த முடிவே இல்லை, மனசு தாங்காத மனுசன் எடுத்தது. 'உயரமா இருக்கான், தலையால தட்டிடுவான்' என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். அவன் ஆடினான் என்று இருக்க வேண்டும், அதுதான் அவருக்குள் இருந்தது.

அடுத்து ஒரு கார்னர் வந்தது. பந்து வளைந்து வந்தது. தேவதாஸ் எம்பினான், விரல் நுனியில் பட்டும் படாமலும் பின்னால் போனது. கோல் கோட்டின்மேல் நின்றிருந்தது சேது. வெளியே தலையால் தட்ட வேண்டிய பந்து.

சேது பிடித்தான்!

இரண்டு கையையும் நீட்டி, காற்றில் ஏறி, பந்தை நெஞ்சோடு அணைத்துத் தரையில் உருண்டு எழுந்தான். சத்தமே இல்லை. எழுந்தவன் சும்மா இருந்தானா? வழக்கம்போலக் கையை வீசி, "மேல ஏறுங்கடா! மேல ஏறு!" என்று கத்தவும் செய்தான்.

அப்புறம் கிளம்பியது பாருங்கள் சிரிப்பு! மைலோ வரிசை சிரித்தது, எதிரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, ரெஃபரியே சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பெனால்டிக்கு விசில் ஊதினார். சேது கையிலிருந்த பந்தைக் குனிந்து பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. சுடுசட்டியைத் தொட்டவன் மாதிரி பந்தைக் கீழே போட்டான்.

அந்தக் காலத்தில் இதற்கு ஆளை வெளியே அனுப்பும் சட்டம் இல்லை. பெனால்டிக்குச் சேதுவும் தேவதாஸும் இடம் மாறலாம், ரெஃபரியிடம் சொல்லி ஜெர்சியை மாற்றிக்கொண்டால் போதும். அது சாருக்கும் தெரியும். சேது பெஞ்சைப் பார்த்தான். சார் எழுந்து வாயைத் திறந்தார். அதற்குள் தேவதாஸ் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு கோலுக்கு நடுவில் போய் நின்றுவிட்டான். சார் உட்கார்ந்துவிட்டார். பந்து உள்ளே போனது. கூடுதல் நேரத்தில் இன்னொன்றும் போனது. கோப்பை தஞ்சோங் காராங் பக்கம் போய்விட்டது.

சார் பந்தலுக்கு ஓடினார். சிலாங்கூர் ஆள் இன்னும் கண்ணைத் துடைத்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"அந்தப் பதினாலு என் கோல்கீப்பர் சார். இந்த மாவட்டத்துலயே அவன மாதிரி கெடையாது" என்றார் உமாபதி மலாயில்.

சிலாங்கூர் ஆள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "அது பாத்தாலே தெரியுது. நல்ல கை. அப்புறம் ஏன் அவன கோல்ல நிறுத்தல?"

என்ன சொல்வது? மஞ்சள் கயிற்றையும் எல்லையையும், அண்ணன் காலையும் அம்மா பார்வையையும் அந்த மனிதருக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? பூகோளம் என்றால் படத்தில் காட்டலாம்.

"ஒரு பந்த மட்டும் பாத்து நான் ஆள் எடுக்க முடியாது வாத்தியாரே. அடுத்த வருசம் பாப்போம்." கை குலுக்கிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

சாயங்காலம் சேதுவை ஹோண்டா கப்பில் பின்னால் ஏற்றிக்கொண்டு சார் கிளம்பினார். எட்டாங்கட்டையில் திரும்பி, செம்மண் பாதையில் போனால் ஒரு மரப்பாலம் வரும். பாலத்துக்கு அந்தப் பக்கம் தோட்டம், இந்தப் பக்கம் அரசாங்க ரோட்டு நிலம். பாலத்துக்கு அந்தப் பக்க முனையில் மஞ்சள் சேலையில் இராஜம்மா நின்றுகொண்டிருந்தாள். மணிக்கட்டில் காப்பு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, பாலத்துப் பலகையில் ஒரு கால்கூட வைக்கவில்லை.

சார் வண்டியை நிறுத்தினார். சேது இறங்கிப் பலகையைக் கடந்து போய், தலையைக் குனிந்தபடி அம்மா பக்கத்தில் நின்றான்.

"ஆடுனானா சார்?" இராஜம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஆடுனாம்மா."

"பந்து புடிச்சானா?"

சார் சேதுவைப் பார்த்தார். சேது நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

"புடிச்சாம்மா. அந்த மாதிரி ஒருத்தன் புடிச்சு நான் பாத்ததே இல்ல."

சேதுவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் அப்படியே அம்மா தோளில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்துவிட்டான். இராஜம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. காப்புக் கட்டிய கையால் அவன் முதுகைத் தடவினாள்.

"கொடி ஏறுன நாள்லேருந்து நீங்க வந்து கேப்பீங்க, கேப்பீங்கன்னு வாசல்லயே கண்ணா இருந்தேன் சார்" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை, நடந்ததைச் சொல்கிற குரல். "அன்னிக்கு ரோட்டு மொனையில வண்டி நின்னுச்சுன்னுகூட சொன்னாங்க. காப்பிக்குத் தண்ணி வச்சேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன், கூட்டிட்டுப் போங்க சார், சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்னு."

உமாபதி சாருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

"அடுத்த வருசம் கண்டிப்பா வந்து கேக்கிறேம்மா."

"அடுத்த வருசம் இவன் பள்ளிக்கூடத்துல இருக்க மாட்டானே சார்" என்றாள் இராஜம்மா.

பாலத்தின் இந்தப் பக்கத்தில் ஹோண்டா கப்பின் இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சார் அதை அணைத்தார். செருப்பைக் கழற்றிப் பலகையோரம் விட்டார். அந்தப் பக்கம் போய், "அந்தக் காப்பியக் குடுங்கம்மா" என்றார்.